உடையவன் காணாத களவு

ஜும்ஆத் தொழுகை முடிந்த நண்பகலில், கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால் ஒரு காட்சியைக் காணலாம். சற்று முன்னர்தான் பள்ளிவாசலில் குத்பாவைச் செவிமடுத்து வந்த இளைஞர், தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கைப்பேசியைத் திறக்கிறார். அன்று காலையில் திரையரங்குகளில் வெளியான படம் அதில் ஓடுகிறது. பக்கத்து இருக்கையில் இருக்கும் பெரியவர் எட்டிப் பார்க்கிறார். "தம்பி, எனக்கும் அதை அனுப்பிவிடு" என்கிறார். புதுச்சத்திரம் வருவதற்குள் அந்தப் படம் நான்கு கைப்பேசிகளுக்குப் போய்விடுகிறது.

அந்த இளைஞர் திருடர் அல்லர். நடத்துநர் தவறுதலாகப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பார். இருக்கையில் யாரேனும் பையை விட்டுச் சென்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியாவது உடையவரிடம் சேர்ப்பார். ஆனால், பல நூறு பேர் ஓராண்டு ஈராண்டு உழைத்து உருவாக்கிய ஒரு பொருளை, உடையவர் இசைவின்றி எடுத்துப் பிறருக்கும் வழங்குகையில் அவர் உள்ளம் சிறிதும் உறுத்துவதில்லை. பெரியவரின் உள்ளமும் உறுத்தவில்லை. இந்த உறுத்தலின்மையைப் பற்றித்தான் இன்று சிந்திக்க விரும்புகிறோம்.

இறைவனுக்குச் செய்ய வேண்டிய கடமைகள், மனிதர்க்குச் செய்ய வேண்டிய கடமைகள் என இஸ்லாம் கடமையை இரு கூறாக வகுக்கிறது. முன்னதில் குறை நேர்ந்தால், உருகி மன்னிப்புக் கேட்கும் அடியானை அல்லாஹ் தன் கருணையினால் பொறுத்துக்கொள்ளலாம். பின்னதாகிய ஹக்குல் இபாதில் பாதிக்கப்பட்டவன் பொறுத்தாலன்றி விடுதலை இல்லை. இறைவழியில் உயிரையே ஈந்த தியாகிக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எனவே, ஒரு பொருள் பிறருடையதா அன்றா என்னும் கேள்வியை விளையாட்டாகக் கருதிவிட இயலாது.

படம் எவ்வாறு களவு போகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். திரையரங்கின் இருளில் அமர்ந்து ஒருவன் கைப்பேசியில் பதிவு செய்கிறான். அல்லது, சந்தா கட்டிப் பார்க்கும் இணையத் தளங்களிலிருந்து படத்தைப் பூட்டு உடைத்து எடுக்கிறான். சில மணி நேரத்தில் அது களவுத் தளங்களில் ஏறிவிடுகிறது. அங்கிருந்து டெலிகிராம் குழுக்களுக்கும், அவற்றிலிருந்து நம் கைகளுக்கும் வந்து சேர்கிறது. 2011ஆம் ஆண்டு வாக்கில் தலையெடுத்த 'தமிழ் ராக்கர்ஸ்' என்னும் தளத்தின் பெயரை அறியாத தமிழ் இல்லம் அந்நாளில் அரிது. அத்தளத்துடன் தொடர்புடையவர்கள் எனச் சிலரைக் கேரளக் காவல்துறை 2018 மார்ச்சில் நமது அண்டை நகராகிய விழுப்புரத்தில் கைது செய்தது. அதே ஆண்டு நவம்பரில் '2.0' திரைப்படம் வெளியாவதற்கு முன்னர், 12,000க்கும் மேற்பட்ட தளங்களை முடக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் படம் வெளியான அன்றே களவுப் படியும் வெளிவந்துவிட்டது. ஒரு முகவரியை அடைத்தால் மறுநாள் வேறு முகவரியில் முளைப்பது இக்களவின் இயல்பு.

சட்டம் உறங்கிக் கொண்டிருக்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டம் 2004இல் திருத்தப்பட்டு, களவு வீடியோ வணிகர்களும் அதன் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டனர். 2023இல் நிறைவேறிய திரைப்படச் சட்டத் திருத்தம், களவாகப் பதிவு செய்வோர்க்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை என்றும், அபராதம் 3 லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை என்றும் வகுத்துள்ளது. இத்தனை இருந்தும் களவு குறையாதது ஏன்? களவாளிகள் சிலரே, அதை வாங்கிக்கொள்ளும் கைகளோ கோடிக்கணக்கானவை. அத்தனை கைகளுக்கும் விலங்கு பூட்ட எந்த அரசாலும் இயலாது. உள்ளத்தில் உறையும் இறையச்சம் ஒன்றே அதைச் செய்ய வல்லது. ஆனால் அந்த இறையச்சத்தை உறங்க வைக்க நாம் சில சமாதானங்களைத் தேடி வைத்திருக்கிறோம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"நான் எடுத்ததால் உடையவனிடம் எதுவும் குறையவில்லையே! அவன் படம் அவனிடமே இருக்கிறதே!" என்பது முதல் சமாதானம். இதற்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள பரங்கிப்பேட்டையின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. மஹ்மூது பந்தர் எனப் பெயர் பெற்ற அந்தத் துறைமுகப் பட்டினத்தில், 1830ஆம் ஆண்டுகளில் சேலத்து இரும்புத் தாதுவைக் கொண்டுவந்து உருக்கும் ஆலையை நடத்தியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர். பின்னர் அவர் இங்கிலாந்து சென்று, மாங்கனீசைச் சேர்த்து உயர்ந்த எஃகு செய்யும் முறையைக் கண்டறிந்து 1839இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு முகவராக இருந்தவரே அம்முறையைச் சற்று மாற்றிக் கையாளத் தொடங்கினார். ஷெஃபீல்டு நகரத்து எஃகு வணிகர்கள் அதனால் செல்வம் குவித்தனர். ஹீத்தோ நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியே காலத்தைக் கழித்தார். 1851இல் அவர் காலமானார். வழக்கு இறுதித் தீர்ப்பை எட்டியது அதற்குப் பின்னரே.

ஹீத்தின் வீட்டிலிருந்து யாரும் ஒரு துண்டு இரும்பையும் தூக்கிச் செல்லவில்லை. அவர் அறிந்திருந்த முறை அவர் அறிவில் அப்படியேதான் இருந்தது. எனினும் அவர் எதையும் இழக்கவில்லை என்று நேர்மையுள்ளோர் எவரேனும் சொல்வார்களா? உழைப்பின் பயன் உழைத்தவனைச் சேராமல் தடுப்பதும் ஒரு பறிப்பே. நெல்லை அள்ளுவது மட்டுமே களவன்று. நெல் விளையும் நீரை மடைமாற்றுவதும் களவே என்பதைக் கொள்ளிடக் கரையில் வேளாண்மை செய்வோர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அறிவுக்கும் கலைக்கும் உரிமையாளர் ஏது? நம் முன்னோர் நூல்களைத் தாராளமாகப் படியெடுத்தார்களே!" என்று கேட்போரும் உண்டு. முன்னோர் படியெடுத்தது உண்மை. ஆனால் எப்படி எடுத்தார்கள்? ஓர் ஆசிரியரிடம் நூலைப் பாடம் கேட்டு, அதைப் பிறர்க்குச் சொல்ல அவரிடம் இஜாஸத் பெற்ற பின்னரே மாணவர் அதை எடுத்துரைத்தார். அந்த அனுமதி பணத்துக்காக ஏற்பட்டதன்று. பிழையின்றி நூல் பரவ வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. ஆயினும் ஒருவர் உழைப்பை அவரைக் கேளாது எடுத்தாளலாகாது என்னும் பண்பாடு அதனுள் பொதிந்திருந்தது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த லால்பேட்டையில் மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரியில் ஓதித் தேறி, சனது பெற்று 'மன்பஈ' என்னும் பட்டத்துடன் வெளிவரும் ஆலிம்கள் அந்த மரபின் வாரிசுகளே. அனுமதி என்பது நமக்குப் புதிய சொல்லன்று.

நூலுரிமையை விலைக்கு விற்கலாமா என்பதில் முற்காலத்து அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. கையால் தொட்டுப் பிடிக்க இயலாத ஒன்றைப் பொருளாகக் கருதலாமா எனச் சிலர் ஐயுற்றனர். அச்சும் ஒலிப்பதிவும் பெருகி, நூலும் பாட்டும் பலருக்கு வாழ்வாதாரமான பின்னர் மார்க்க அறிஞர்கள் இதனை மீண்டும் ஆராய்ந்தனர். இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சார்ந்த ஃபிக்ஹு பேரவை 1988 டிசம்பரில் குவைத்தில் கூடி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் முதலியவை உடையவர்க்கே உரிய உரிமைகள், பொருள் மதிப்புள்ளவை, ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறுதல் கூடாது எனத் தீர்மானித்தது. ஒருவர் பொருளை மற்றவர் முறையற்ற வழியில் உண்ணலாகாது என்னும் திருமறைக் கட்டளையின் நிழல் இன்று கண்ணுக்குத் தெரியாத உடைமையின் மேலும் விழுகிறது.

இரண்டாம் சமாதானம், நம் இல்லங்களுக்கே உரியது. "சினிமாவே நமக்கு ஆகாதது. ஆகாத பொருளைத் திருடினால் என்ன குற்றம்?" என்று சிலர் வேடிக்கையாகவும், சிலர் உண்மையாகவும் கேட்கின்றனர். திரைப்படம் பார்ப்பதை இப்பக்கம் ஊக்குவிக்கவில்லை. அதிலுள்ள தீமைகளைப் பலமுறை எடுத்துரைத்துள்ளோம். ஆனால் ஆகாதது என்று கருதுபவர் செய்ய வேண்டியது விலகி நிற்பது. விலை கொடாமல் பார்ப்பதன்று. ஹனஃபி மத்ஹபின் சட்டநூல்களில் ஒரு விதி உண்டு. முஸ்லிம் ஆட்சியின் பாதுகாப்பில் வாழும் பிற சமயத்தவர் ஒருவரின் மதுவை ஒரு முஸ்லிம் கொட்டி அழித்துவிட்டால், அதன் மதிப்பை அவர் ஈடு செய்தாக வேண்டும். மது முஸ்லிமுக்கு முற்றிலும் விலக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. அவ்வாறிருந்தும், அதை உடைமையாகக் கொண்டவரின் உரிமையைச் சட்டம் காத்தது. நமக்குப் பிடிக்காத பொருள் என்பதனால் பிறர் உரிமை அழிந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஆகாது என்று கூறிக்கொண்டே களவாகப் பார்ப்பவர் ஒரு குற்றத்தை இரண்டாக்கிக் கொள்கிறார்.

மூன்றாம் சமாதானம் பணத்தைப் பற்றியது. "நடிகர்கள் கோடிகளில் புரள்கிறார்கள். நான் ஒருவன் கொடாவிட்டால் அவர்கள் ஏழையாகி விடுவார்களா? நுழைவுச்சீட்டின் விலையை ஏழையால் தாங்க முடிகிறதா?" இதில் பாதி உண்மை இருக்கிறது. குடும்பத்தோடு சென்றால் சீட்டுக்கும் தின்பண்டத்துக்கும் ஒரு நாள் கூலி போதாது. ஆனால் விலை குறைந்தால் நாம் நேர்மையாவோமா? இயக்குநர் சேரன் 2015இல் 'சி டு எச்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, தம் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தின் குறுந்தகட்டை வெறும் 50 ரூபாய்க்கு வீடு தேடி அனுப்ப முன்வந்தார். களவுத் தகட்டின் விலைக்கு நேர்மையான தகடு கிடைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அம்முயற்சி தழைக்கவில்லை. 50 ரூபாயும் இலவசத்துக்கு முன் பெருந்தொகையே என்பதை அது காட்டிவிட்டது. விலை ஏறிவிட்டது என்பதே நம் முறையீடானால், வாங்காமல் விடுவதும், விலையைக் குறைக்கக் கோருவதும் கண்ணியமான வழிகள். அரிசி விலை ஏறிவிட்டது என்று எவரும் மண்டியின் பூட்டை உடைப்பதில்லை.

மேலும், படம் என்பது நடிகர் ஒருவர் மட்டுமன்று. விளக்குத் தூக்குவோர், தச்சர், தையற்காரர், சமையற்காரர், வண்டி ஓட்டுநர் என நாட்கூலி பெறும் எத்தனையோ பேர் அதில் இருக்கின்றனர். கடலூரிலும் சிதம்பரத்திலும் திரையரங்கின் வாயிலில் சீட்டுக் கிழிப்பவரும், வாகனக் காப்பகத்தில் நிற்பவரும் அதனால்தான் அடுப்பு எரிக்கின்றனர். வட்டிக்குக் கடன் வாங்கி முதல் படம் எடுத்தவர், வெளியான அன்றே அது களவு போனதைக் கண்டு கலங்கி நிற்கிறார். நாம் பேசுவதோ கோடீசுவர நடிகரைப் பற்றி.

சிறிதளவுதானே என்னும் எண்ணத்துக்கும் நபிகளாரின் வரலாற்றில் விடை உண்டு. கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் அண்ணலாரின் பணியாளர் ஒருவர் எங்கிருந்தோ பாய்ந்த அம்பினால் உயிர் துறந்தார். அவருக்குச் சுவனம் வாழ்த்துரைக்கட்டும் எனத் தோழர்கள் மொழிந்தனர். அப்படியன்று என அண்ணலார் மறுத்து, பங்கிடப்படாத போர்ப் பொருளிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என உரைத்தார்கள். இதைக் கேட்டு நடுங்கிய ஒருவர், தாம் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அதையும் அண்ணலார் சிறிதென்று தள்ளவில்லை. அதுவும் நெருப்பே என்றார்கள். போர்வைக்கும் செருப்பு வாருக்கும் உரியவர் ஒருவரல்லர். ஒரு கூட்டமே உரியது. பலர்க்கு உரியதில் சிறிது எடுப்பது யாருக்கும் இழப்பில்லை என்று நாம் எண்ணுகிறோம். பலர்க்கு உரியதென்றால் மறுமையில் பலரிடம் மன்னிப்புப் பெற வேண்டும் என்று மார்க்கம் எண்ணுகிறது.

இலவசம் என்று நாம் மகிழ்வதும் உண்மையில் இலவசமன்று. களவுத் தளங்கள் அறச்சாலைகள் அல்ல. அவை விளம்பரத்தால் பிழைப்பவை. அந்த விளம்பரங்களில் பெரும்பாலானவை எவை? பந்தயமும் இணையச் சூதாட்டமும், பெற்றோர் பிள்ளைகளோடு அமர்ந்து காணவொண்ணாத ஆபாசமும். நாம் தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சூதாட்டக்காரனின் பணத்தில் ஒரு துளி களவாளியின் கைக்குச் செல்கிறது. சூதாட்டத்தை ஷைத்தானின் செயல் என்று திருமறை இகழ்கிறது. சூதுக்கடையின் வாயில் வழியே நுழைந்துதான் அந்த இலவசப் படத்தை எடுத்து வருகிறோம் என்பதை நம் தாய்மார்கள் அறிந்தால், பிள்ளைகளின் கையில் அந்த முகவரியை விட்டு வைப்பார்களா?

திரைப்படத்தை விடுவோம்; நம் வீட்டுக்குள் திரும்புவோம். தமிழில் இஸ்லாமிய நூல்களை வெளியிடும் பதிப்பகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆலிம் ஒருவர் பல்லாண்டு கண்விழித்து ஓர் அரபு நூலைப் பெயர்க்கிறார். பதிப்பாளர் மனைவியின் நகையை அடகு வைத்து ஆயிரம் படிகள் அச்சிடுகிறார். நூறு படி விற்பதற்குள் எவரோ பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் ஏற்றிவிடுகிறார். "மார்க்க அறிவைப் பரப்பினேன்; எனக்கு நன்மை கிட்டும்" என்று அவர் நம்புகிறார். எஞ்சிய படிகள் பதிப்பாளரின் பரணில் கிடக்கின்றன. அடுத்த நூல் அச்சேறுவதில்லை. இஸ்லாமியப் பாடல்களைப் பாடிப் பதிவு செய்வோரின் நிலையும் இதுவே. நன்மையை நாடித் தொடங்கிய செயல் ஓர் உழைப்பாளியின் வாயில் மண்ணைப் போட்டு முடிகிறது. நிய்யத் நல்லதாயிருத்தல் போதாது. வழியும் தூயதாயிருக்க வேண்டும்.

அப்படியாயின் எதையுமே பகிரலாகாதா? அவ்வாறன்று. உடையவரே இலவசமாக வழங்கிய நூல்களும் உரைகளும் ஏராளம்; அவற்றை மகிழ்ந்து பரப்பலாம். நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகளும், படமோ ஒலிப்பதிவோ வெளியாகி 60 ஆண்டுகளும் கடந்தால் உரிமை பொதுவாகிவிடும் என நம் நாட்டுச் சட்டம் கூறுகிறது. ஐயமிருப்பின் கேட்டுவிடுதல் எளிது. பதிப்பாளருக்கு ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பெரும்பாலோர் மனமுவந்து இசைவர். முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிகளார் வகுத்த நெறி. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய இணையச் சந்தாவின் கடவுச்சொல்லைத் தெரு முழுமைக்கும் வழங்குவோர் இந்நெறியை நினைவில் கொள்க.

முடிவாக, மிகக் கடினமான ஒரு கேள்வி. கைப்பேசிக் கடை வைத்திருந்து, மெமரி கார்டில் படங்களையும் பாடல்களையும் ஏற்றிக் கொடுத்தே பல ஆண்டு பொருளீட்டிய சகோதரர்கள் நம் ஊர்களில் இருக்கின்றனர். அந்த வருவாயில்தான் பிள்ளைகள் படித்தார்கள். தங்கையின் நிக்காஹ் நடந்தது. சிலர் ஹஜ்ஜுக்கும் சேர்த்து வைத்திருப்பர். இன்று மனம் உறுத்துகிறது. யாரிடம் சென்று மன்னிப்புக் கேட்பது? எத்தனை பேருடைய உரிமை அது?

அவர்களை இகழ நமக்கு உரிமையில்லை. அவர்களிடம் அட்டையை நீட்டியவர்கள் நாமே. மார்க்கமும் அவர்களுக்குக் கதவை அடைக்கவில்லை. தவ்பாவின் படிகள் தெளிவானவை: செய்ததற்கு வருந்துதல், உடனே நிறுத்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி பூணுதல், பிறர் உரிமையாயின் திருப்பிக் கொடுத்தல். உடையவரைத் தெரிந்தால் அவரிடமே சேர்க்க வேண்டும். தேடியும் அறிய இயலாதபோது, தோராயமாகக் கணக்கிட்ட தொகையை உடையவர் சார்பில் ஏழைகட்கு வழங்கிவிட வேண்டும் என அறிஞர் பெருமக்கள் வழிகாட்டியுள்ளனர். அதைத் தம் சொந்த தருமமாக எண்ணி நன்மையை எதிர்பார்க்கலாகாது. ஒரே நாளில் இயலாவிடின் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தம் ஊர் ஆலிமிடம் கணக்கைக் கூறி ஆலோசனை பெறுவது இன்னும் சிறப்பு. பார்த்தவர்கட்கும் இதுவே வழி. எந்த நூலை, எந்தப் பாடலை, எந்தப் படத்தைக் களவாகப் பெற்றோம் என்று நினைவிருந்தால், இயன்றவரை அதன் விலையை உரிய வழியில் செலுத்திவிடுதல் உள்ளத்துக்கு ஆறுதல் தரும்.

தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் குவித்துக்கொண்டு மறுமையில் வந்து நிற்கும் ஒருவன், பிறரை ஏசியதாலும் பிறர் பொருளை உண்டதாலும் தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, வெறுங்கையனாய், அவர்கள் பாவத்தையும் சுமந்து நரகம் புகுவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நம் கண்முன் நிறுத்தினார்கள். என் சமுதாயத்தில் உண்மையான ஏழை அவனே என்றார்கள். நாம் முகம் பார்த்தறியாத தச்சரும், பதிப்பாளரும், பாடகரும் அன்று நம் முன் வரிசையில் நின்றால் என்ன செய்வோம்?

அடுத்த வெள்ளியன்றும் பேருந்து ஓடும். பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கைப்பேசி நீளும். "வேண்டாம் தம்பி, அது நம்முடையதன்று" என்று அன்போடு சொல்ல நம்மில் ஒருவருக்கேனும் நா எழட்டும். கண்ணுக்குத் தெரியும் பொருளிலும் தெரியாத பொருளிலும் பிறர் உரிமையைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.